ஓடைப் பாதையில் வெறுங்காலோடு

ஜொகூர் பாருவில் நடக்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பூங்காக்கள் குறைவில்லை. ஏரியைச் சுற்றிவரும் செங்கல் பாதை இருக்கிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டே ஒரு சுற்று போகலாம். மேட்டுப் பூங்காவில் தார் போட்ட ஏற்றம். கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். மூன்றாவது, நகரத்துக்குள் மிச்சம் விட்டுவைத்த சின்னக் காட்டில் ஓடையை ஒட்டிப் போகும் மண்பாதை. அதன் நுழைவாயில் பலகையில் மலாயில் 'சுலபம்' என்று எழுதி, பக்கத்தில் பச்சை வட்டம் ஒன்றும் போட்டிருக்கிறார்கள். என் மகள் லோஷினியைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது அந்தப் பச்சை வட்டப் பாதை.

அவள் இப்போது வீட்டில் இருக்கிறாள். அடுத்த அறையில் கைப்பேசியில் யாரோடோ பேசிச் சிரிக்கிறாள். சிரிப்புச் சத்தம் நின்றால் நான் எழுந்துபோய் எட்டிப் பார்க்கிறேன். என் மனைவி மலர் திட்டுகிறாள்.

"மூச்சு விடுறாளான்னு பாத்துக்கிட்டே இருப்பீங்களா? புள்ள உங்களப் பாத்துத்தான் பயப்படுது லா."

நிறுத்த முடியவில்லை. மருத்துவமனையில் பழகிய வேலை அது. வெளியே வந்தபிறகும் உடம்பு அதைச் செய்துகொண்டே இருக்கிறது.

தைப்பூசத்துக்குக் காவடியோ பால்குடமோ எடுப்பவர்கள் வெறுங்காலோடு நடக்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். வெயில் ஏறிவிட்டால் தார்ச்சாலை தோசைக்கல்லாகிவிடும். வருடம் முழுவதும் சப்பாத்தும் காலுறையும் மாட்டிக்கொண்டு குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள், பாதி வழியில் குடத்தைத் தலையில் வைத்தபடி அழுதுகொண்டு நிற்பதை நாம் பார்க்கிறோம். ஸ்கூடாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் பாலகிருஷ்ணன் இதற்கு ஒரு வழி செய்தார். மாலை போட்டு விரதம் தொடங்கியதும், ஞாயிறு காலைகளில் எல்லாரும் கார்களில் ஏறி ஒரு பூங்காவுக்குப் போவது. அங்கே வெறுங்காலோடு நடப்பது. முதலில் ஏரிப் பாதை, அது பழகியபின் மேடு, அதன்பின் கல்லும் வேரும் உள்ள ஓடைப் பாதை. 'கால் பழக்கம்' என்று அவரே பெயர் வைத்தார். சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் வரும்: "பக்த கோடிகளே, நாளைக்கு யாராச்சும் தூங்கிட்டீங்கன்னா வீட்டுக் கேட்டுல வந்து சங்கு ஊதுவேன், சொல்லிட்டேன்!"

அவரை நான் பாலண்ணே என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் செல்வா. இரண்டு குடும்பங்களும் ஒரே சமயத்தில் இந்தத் தாமானுக்கு வீடு வாங்கி வந்தவர்கள். மலரும் நானும் வேலைக்குப் போன காலத்தில் லோஷினி வளர்ந்தது அவர் வீட்டில். அவள் முதன்முதலில் எழுந்து நடந்ததே அவர் வீட்டு ஹாலில்தான். நான் அக்கரையில் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் இருந்தேன். அவர்தான் காணொளி எடுத்து அனுப்பினார்.

இந்த வருடம் லோஷினி, கல்லூரியில் இடம் கிடைத்ததற்காகப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம். பிள்ளைகள் விஷயத்தில் நான் எப்போதும் அப்படித்தான். பாலண்ணன் சொன்னார்: "பயப்படாத செல்வா. எல்லாம் சுலபமான பாதைதான். என் மவனும் வரான்ல?"

அவர் மகன் தினேஷும் வந்தான். ஒருநாள் வரவில்லை. தினேஷுக்கு டெங்கி, தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், யாரும் பார்க்க வரவேண்டாம் என்று குழுவில் செய்தி வந்தது. எங்கள் தாமானில் கொசுப்புகை அடிக்காத மாதம் கிடையாது. யாரும் ஆச்சரியப்படவில்லை. கொஞ்ச நாளில் அவன் வீடு திரும்பினான், மெலிந்திருந்தான். அதற்குப் பிறகு அவனும் அவன் அம்மா தேவி அண்ணியும் ஓடைப் பாதைக்கு வந்தாலும் பாதையில் இறங்கவில்லை. நுழைவாயிலில் உள்ள கூரைக் கொட்டகையில் செருப்போடு உட்கார்ந்துகொண்டு, திரும்பி வருகிறவர்களுக்குப் பயத்தங்கஞ்சி ஊற்றிக் கொடுத்தார்கள். "எனக்கு இனிப்பு நீர் இருக்குல்ல தம்பி, காலுல காயம் பட்டா ஆறாது" என்றார் அண்ணி. சரிதானே என்று நினைத்தேன்.

பருவமழைக் காலம். ஓடை நிரம்பி, ஓரிடத்தில் பாதையின்மேலேயே வழிந்துகொண்டிருந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர். சற்று மேலே உணவுக் கடைகள், அவற்றின் பின்னால் குப்பைத் தொட்டிகள். இதையெல்லாம் இப்போதுதான் நினைக்கிறேன். அன்று பார்த்தது, தார் மேட்டில் நடந்து வெடித்த கால்களைப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றதைத்தான். "குளுகுளுன்னு இருக்குப்பா, நீங்களும் வாங்க" என்றாள் லோஷினி. அவள் குதிகாலில் ஒரு கீறல் இருந்தது.

காய்ச்சல் அதற்கடுத்த வாரத்தில் வந்தது. வேகமாக ஏறிய காய்ச்சல், தலைவலி, வாந்தி. எல்லாவற்றையும்விட அவள் அழுதது கெண்டைக்கால் வலிக்குத்தான். தொடவே விடவில்லை.

"வாராவாரம் மேடு ஏறி எறங்கினா வலிக்காம என்னா செய்யும்?" என்று மலர் தைலம் தேய்த்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நடந்தால் கால் வலிக்கும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பக்கத்துக் கிளினிக் டாக்டர் இரத்தம் எடுத்தார். இரத்தம் உறையத் தேவையான தட்டணுக்கள் குறைந்திருந்தன. டெங்கிக்கான சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. சில சமயம் தொடக்கத்தில் காட்டாது என்றார். சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது டெங்கி வந்ததா என்று கேட்டார்.

"ஆமாம் டாக்டர். எங்களோட நடக்க வர்ற பையனுக்கு இப்பத்தான் வந்து போச்சு."

அவர் தலையாட்டினார். டெங்கி என்றே வைத்துக்கொள்வோம், நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும், தினமும் வந்து இரத்தம் பார்க்கவேண்டும் என்றார். டெங்கிக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வேலை செய்யாது, ஆகவே கொடுக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நான் சொன்னதை அவர் நம்பினார். எனக்குச் சொல்லப்பட்டதை நான் நம்பியிருந்தேன்.

அன்று மாலை பாலண்ணன் வந்தார். கையில் ஒரு கட்டுப் பப்பாளி இலை. அவர் வீட்டு மரத்தில் பறித்தது.

"அரைச்சுச் சாறு கொடு தங்கச்சி. தினேஷுக்கு இதாங் கொடுத்தோம். தட்டணு தானா ஏறிடும்."

மலர் அந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கழுவி அரைத்தாள். லோஷினி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள், குடித்ததை வாந்தியெடுத்தாள், மறுபடியும் குடித்தாள். "அங்கிள் கொண்டாந்ததுன்னு குடிக்கிறேன்ம்மா. இல்லன்னா ஊத்திருப்பேன்." இந்த ஒரு காட்சியைத்தான் என்னால் இன்னும் தாண்டிப் போக முடியவில்லை.

பிறகு ஒரு காலையில் அவள் கண் வெள்ளை சிவந்திருந்தது. பீளை கிடையாது, எரிச்சல் கிடையாது. சும்மா இரத்தச் சிவப்பு. மதியத்துக்குள் அந்தச் சிவப்புக்குள்ளேயே ஒரு மஞ்சள். சிறுநீர் போகவில்லை என்றாள். எழுந்து நின்றவள் மடங்கி விழுந்தாள். பாலண்ணனுக்குப் போன் போட்டேன், ஓடி வந்தார். காரையும் அவரே ஓட்டினார். சிவப்பு விளக்குகளில் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். "ஒண்ணும் ஆகாது செல்வா, ஒண்ணும் ஆகாது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரு தமிழ்ப்பெண் டாக்டர். இளவயது, கண்களில் தூக்கமில்லை. லோஷினியின் கெண்டைக்காலை மெல்ல அழுத்தினார். அவள் அலறினாள். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அங்கிள், இவங்க தண்ணியில எங்கயாச்சும் இறங்கினாங்களா? அருவி, வெள்ளம், அந்த மாதிரி?"

"இல்லியே டாக்டர். சும்மா பார்க்ல வாக்கிங்தான்."

"சப்பாத்து போட்டுத்தானே?"

எனக்கு முன்னால் லோஷினி பதில் சொன்னாள். கண்ணைத் திறக்காமலே. "வெறுங்கால் டாக்டர். விரதம். ஓடையில... தண்ணி."

டாக்டரின் முகம் மாறியது. தாதியிடம் மலாயில் வேகமாக ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், "கூட நடந்தவங்க வேற யாருக்காச்சும் இந்த மாதிரி காய்ச்சல் வந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"இவரு மகனுக்கு டெங்கி வந்துச்சு. வேற யாருக்கும் இல்ல." நான் திரும்பினேன். பாலண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். "இல்லண்ணே?"

"ஆமா" என்றார் அவர். "டெங்கிதான்."

அவளுக்கு வந்தது எலிக்காய்ச்சல். மலாயில் 'எலி மூத்திரம்' என்றே அந்த நோய்க்குப் பெயர். எலியின் சிறுநீரில் இருக்கும் ஒரு கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் உயிரோடிருக்கும். காலில் வெடிப்போ கீறலோ இருந்தால் அதன் வழியாக இரத்தத்துக்குள் போய்விடும். தொடக்கத்தில் டெங்கி போலவே இருக்கும்: அதே காய்ச்சல், அதே தட்டணுக் குறைவு. ஆனால் கெண்டைக்கால் வலியும் பீளையில்லாத சிவந்த கண்ணும் இதைக் காட்டிக்கொடுக்கும். நேரத்தோடு கண்டுபிடித்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்திலேயே அடங்கிவிடும். தள்ளிப்போனால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பிடிக்கும். லோஷினிக்குத் தள்ளிப்போய்விட்டது. முதல் இரண்டு உறுப்புகளும் சிக்கியிருந்தன. மூன்றாவதைப் பற்றி டாக்டர், "அத மட்டும் நாங்க பாத்துக்கிட்டே இருக்கணும் அங்கிள்" என்றார். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்ன விதம் எனக்குப் போதுமாக இருந்தது.

தீவிரக் கவனிப்பு வார்டில் சேர்த்தார்கள். நரம்பில் பெனிசிலின் ஏறத் தொடங்கியதும் காய்ச்சல் குறையும் என்று பார்த்தால், உடம்பு தூக்கிப்போட்டு நடுங்கியது. நான் கத்திவிட்டேன். கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது சிலருக்கு அப்படி வரும், அது தணிந்துவிடும் என்று மிஸி என்று நாங்கள் அழைக்கும் தாதி ஒருவர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மலாய்ப் பெண்மணி. அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சாப்பிட்டீங்களா, பக்சிக்?" என்று மாமா முறை வைத்துத்தான் முதலில் கேட்பார்.

கட்டிலோரத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. அடியில் கொஞ்சமே கொஞ்சம், தே-ஓ என்கிற பால் ஊற்றாத தேநீரின் நிறத்தில். அளவு ஏறவே இல்லை. சிறுநீரகங்கள் வேலையை நிறுத்தியதால், இரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் கழுவி உள்ளே விடும் டயாலிசிஸ் செய்தாக வேண்டும் என்றார்கள். கழுத்தில் ஒரு தடித்த குழாய். லோஷினி என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டது இது ஒன்றுதான்:

"ப்பா, இது எனக்கு எப்பவுமேவா?"

டாக்டரிடம் போய்க் கேட்டேன். பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரகம் திரும்பிவிடும் என்றார். பெரும்பாலானவர்கள் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் என்ன செய்வது?

காத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் தரையோடு திருகி வைக்கப்பட்டிருந்தன, படுக்க முடியாது. தனியார் மருத்துவமனைக்கு மாற்றலாமா என்று மலர் கேட்டாள். அவள் தம்பி மோகன், ரெங்கத்தில் இருக்கும் செம்பனைத் தோட்டத் துண்டை விற்றுவிடலாம் என்று உடனே சொன்னான். எங்கே போனாலும் இதே மருந்துதான், இங்கேயே இருங்கள் என்று டாக்டர் தடுத்துவிட்டார். சம்பளமில்லாத விடுப்பில் நான் எவ்வளவு காலம் உட்கார முடியும் என்ற கணக்கு என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்காக வெட்கப்பட்டேன்.

மோகன் ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்து காரோட்டி வருவான். முதல் நாள் ஒரு குலை இளநீரைத் தோளில் சுமந்துகொண்டு வார்டு வாசலில் வந்து நின்றான்.

"அலமாக்! யாரு இத உள்ள விட்டது?" என்றார் அந்த மிஸி. சிறுநீர் போகாதவர்களுக்கு இளநீர் ஆகாது. அதிலுள்ள உப்பு ஒன்று வெளியேறாமல் தங்கி இதயத்தையே நிறுத்திவிடலாம். இதைக் கேட்டதும் மோகனின் முகம் வெளுத்துவிட்டது. "மாமா, நா அவளுக்கு நல்லதுன்னுதான்..." என்றான். அந்தக் குலை முழுவதையும் காத்திருந்தவர்களுக்கு வெட்டிக் கொடுத்தோம். சீனக் கிழவர் ஒருவர் இரண்டு குடித்தார். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பாலண்ணன் தினமும் வந்தார். இதை மறைக்காமல் எழுதவேண்டும். தூக்குச்சட்டியில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தார். மலரைக் குளிக்க வீட்டுக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டார். டயாலிசிஸ் நடக்கும்போது என்னோடு உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க அண்ணன் மாதிரி ஒருத்தர் இருந்தா போதும்" என்று பக்கத்துக் கட்டிலுக்காரர்கள் சொன்னார்கள். நானும் முருகனுக்கு நன்றி சொன்னேன்.

எலிக்காய்ச்சல் வந்தால் மருத்துவமனை அதைச் சுகாதார இலாகாவுக்குத் தெரிவித்தாக வேண்டுமாம். அங்கிருந்து ஒரு மலாய்க்கார அதிகாரி வந்தார். வார்டுக்கு வெளியே நின்று என்னிடம் விசாரித்தார். எங்கே நடந்தீர்கள், எந்தத் தண்ணீர், எத்தனை பேர். நான் மலாயில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடைப் பாதை என்றதும் அவர் எழுதுவதை நிறுத்தினார். அந்த நேரத்தில் மின்தூக்கி திறந்தது. பாலண்ணன் தூக்குச்சட்டியோடு வந்தார்.

அதிகாரி அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"அடே, என்சிக் பாலாவா! மகன் சிறுநீரகமெல்லாம் சரியாகிவிட்டதா? இவர்களும் உங்கள் குழுதானா?" சிரிப்பு மெல்ல நின்றது. அவர் என்னைப் பார்த்தார், பாலண்ணனைப் பார்த்தார். "என்சிக், அன்றைக்கே சொன்னேனே. கூட நடந்தவர்கள் எல்லாருக்கும் சொல்லச் சொன்னேனே. நான் மட்டும்தான் மகனோடு போனேன், வேறு யாரும் கிடையாது என்றீர்களே."

பாலண்ணன் தூக்குச்சட்டியை நாற்காலியில் வைத்தார். அது சாய்ந்தது. இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தி வைத்தார். அதுவரைக்கும் என்னைப் பார்க்கவில்லை.

அதிகாரி போனபின் படிக்கட்டுக்குப் போனோம்.

"தினேஷுக்கு டெங்கி இல்லியா?"

"மொத நாலு நாளு டெங்கின்னுதான் செல்வா நெனச்சாங்க. அப்பறந்தான்..."

"அப்பறந்தான் தெரிஞ்சிச்சு. தெரிஞ்சுக்கிட்டுத்தான் அண்ணியையும் தினேஷையும் செருப்போட கொட்டாயில உக்கார வச்சீங்க."

அவர் அழ ஆரம்பித்தார். மாலை போட்ட கழுத்து குலுங்கியது.

"விரதத்துல இருக்கற புள்ளைக்கு எலி மூத்திரத்துல நோவுன்னா என்னா பேசுவாங்க? எங்க வெலகுனான், என்னத்தத் தின்னான், யாரு வீட்டுத் தீட்டுன்னு கேப்பாங்க. அவனுக்கு இப்பத்தான் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம். டெங்கின்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. கொசு யாரத்தான் கடிக்கல?"

"அப்போ அந்தப் பாதைக்குப் போவாதீங்கன்னாச்சும் சொல்லிருக்கலாமே!"

"ஏன் போவக்கூடாதுன்னு கேப்பாங்களே. இன்னொரு தடவ அதே மாதிரி ஆகும்னு நா நெனைக்கல செல்வா. நானும் உங்களோட அந்தத் தண்ணியில எறங்குனேன்ல? வெறுங்கால்லதான எறங்குனேன்?"

"நீங்க தெரிஞ்சு எறங்குனீங்க. எம்பொண்ணு தெரியாம எறங்குனா."

பப்பாளி இலையைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று வாய்வரை வந்தது. நோய் எதுவென்று தெரிந்துகொண்டே அந்த இலையை என் வாசலுக்குக் கொண்டுவந்த கையைப் பார்த்தேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் டயாலிசிஸ் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு ஒண்ணும் செய்யவேணாம்" என்றேன். "சாப்பாடு வேணாம். வரவேணாம். குரூப்புல மட்டும் சொல்லிடுங்க. உங்க வாயாலயே சொல்லுங்க. மத்த புள்ளைங்களும் அதுல நடக்குது."

"இன்னிக்கே சொல்லிடறேன். சத்தியமா சொல்லிடறேன்."

மலரிடம் அன்று சொல்லவில்லை. மறுநாள் சொன்னேன். அவள் அழவில்லை. தூக்குச்சட்டியைக் கழுவித் துடைத்து, மோகனிடம் கொடுத்து, "அவங்க வீட்டுக் கேட்டுல மாட்டிட்டு வந்துடு" என்றாள்.

பெனிசிலினும் இயந்திரமும் தங்கள் வேலையைச் செய்தன. ஒரு காலை நான் குனிந்து பார்த்தபோது பையில் தே-ஓ நிறம் வெளுத்திருந்தது, அளவும் கூடியிருந்தது. மிஸியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பக்சிக், நாங்க பாத்துட்டோம்" என்று சிரித்தார். ஒரு தகப்பன் தன் மகளின் சிறுநீரைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுதான் என்று எழுதினால் நம்புவீர்களா? கழுத்துக் குழாயை எடுத்த நாள் லோஷினி கண்ணாடி கேட்டாள். பார்த்துவிட்டு, "மஞ்சக் காமாலையில கலராயிட்டேன்ப்பா" என்றாள்.

தைப்பூசம் அவள் வார்டில் இருக்கும்போதே வந்து போனது. பூசம் முடிந்ததும் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் பார்க்க வந்தார்கள். பழம் கொண்டுவந்தார்கள், அன்பாகப் பேசினார்கள். போகும்போது ஒருவர் மலரைத் தனியே அழைத்து, "தப்பா எடுத்துக்காத தங்கச்சி, விரதத்துல எங்கயாச்சும் சுத்தங் கொறஞ்சிருக்குமோ? நல்லா யோசிச்சுப் பாரு" என்றார். பாலண்ணன் எதற்குப் பயந்தாரோ அது என் பெண்ணின் தலையில் வந்து விழுந்தது. அவருடைய பயம் பொய்யில்லை என்று அப்போது புரிந்தது. புரிந்ததால் என் கோபம் குறையவில்லை. அந்தப் பேச்சிலிருந்து தன் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ள என் பிள்ளையைக் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பெண்களின் பேச்சில் எலிக்காய்ச்சல் என்ற சொல்லே வரவில்லை என்பதையும் கவனித்தேன். சாதாரண டெங்கி இவ்வளவு தூரம் முற்றுமா என்பதுதான் அவர்கள் சந்தேகம். நான் வாட்ஸ்அப் குழுவின் சத்தத்தை எப்போதோ நிறுத்திவைத்திருந்தேன். திறந்து பார்க்க மனம் வரவில்லை. சத்தியம் செய்தாரே என்ற நம்பிக்கையில் கடைசி நூல் ஒன்று எங்கோ இன்னும் அறாமல் இருந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த வாரத்தில் பாலண்ணன் வந்தார். வாசற்கதவுக்கு வெளியே நின்றார். தாடி எடுத்து, மெலிந்து, வேறு ஆள் மாதிரி இருந்தார். கையில் ஒரு சின்னப் பித்தளைக் குடம், வாழையிலையில் சுற்றிய விபூதி.

"லோஷினி பேருல நா பால்குடம் எடுத்தேன். வெறுங்கால்லயே நடந்தேன். இத அவகிட்டக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

மலர் உள்ளே போய்விட்டாள். நான் கதவைத் திறக்கவுமில்லை, மூடவுமில்லை. நாங்கள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தும், லோஷினிதான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். அவள் நடக்கப் பழகியதைப் படம் பிடித்தவர் கண்முன்னால் மறுபடி ஒருமுறை நடந்து வந்தாள். குழந்தையிலிருந்து அவரைப் பார்த்த அதே பார்வை. விபூதியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"தாங்க்ஸ் அங்கிள்." பிறகு கேட்டாள், "குரூப்புல சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேம்மா. அன்னிக்கே சொல்லிட்டேன். இப்ப யாரும் அங்க போறதில்ல."

"என்னன்னு சொன்னீங்க?"

அவர் தன் கால்களைப் பார்த்தார். தார்ச் சூட்டில் வெடித்துத் தோலுரிந்த கால்கள்.

"மழைக்குப் பாத வழுக்குது, யாரும் போவாதீங்கன்னு."

லோஷினி வெளியே பார்த்தாள். எங்கள் தெருவில் நல்ல வெயில். எதிர்வீட்டில் போர்வை காயப்போட்டிருந்தார்கள்.

"மழ விட்டுருச்சே அங்கிள்" என்றாள்.

அவர் போய்விட்டார். குடம் வாசற்படியிலேயே இருந்தது. அன்று மாலை குழுவைத் திறந்தேன். அவருடைய செய்தி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கப்போகிறவர்கள் இப்போதே பேச ஆரம்பித்திருந்தார்கள். மழை நின்றுவிட்டது, பாதை காய்ந்திருக்கும், இந்த ஞாயிறு ஓடைக்கே போகலாம், சின்னப் பிள்ளைகளையும் கூட்டிவரலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். பாலண்ணன் அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

ஆகவேதான் நான் இதை எழுதுகிறேன். முதலில் அந்தக் குழுவில் போடுகிறேன். பிறகு யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். என் மகள் விரதத்தில் எங்கும் தவறவில்லை. தினேஷும் தவறவில்லை. இரண்டு பேருக்கும் வந்தது எலிக்காய்ச்சல். அந்தத் தண்ணீரில் கால் வைத்தவர்கள், காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால், டாக்டரிடம் முதலில் ஓடையைப் பற்றிச் சொல்லுங்கள். ஏரிக்கும் மேட்டுக்கும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள்; முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஓடைப் பாதை வழுக்காது. ஒருநாளும் வழுக்கியதில்லை. இந்த நகரத்தில் அதைவிடச் சுலபமான பாதை கிடையாது.